ஐம்பது நோட்டின் பின்பக்கம்

இருபது நோட்டில் ஒரு கொக்கு நிற்கும். நூறு நோட்டில் ஓர் அணை. இரண்டுக்கும் நடுவில் ஐம்பது நோட்டு. அதன் முன்பக்கத்தில் மீசைக்காரத் தலைவர் ஒருவர், பின்பக்கத்தில் என் நாத்தனார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தலையில் உப்புக்கூடை, இடுப்பில் குழந்தை, பின்னால் வரிசையாக வெள்ளை உப்பு அம்பாரங்கள் என்று வெயிலில் நடந்து வருகிறாளே ஒருத்தி, அவள் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. நாட்டில் பாதிப் பேர் அவளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். மீதிப் பேர் அவளுக்காக அடித்துக்கொண்டார்கள். அவள் கையில் மட்டும் அவள் அதிகம் தங்கியதில்லை. வாங்கிய சாயங்காலமே கடைக்காரன் கல்லாவுக்குப் போய்விடுவாள்.

நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். ஊருக்கு அவள் நோட்டம்மா. அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் செய்தது ஒரே வேலைதான், உப்புச் சுமப்பது. ஆண்கள் பாத்தியில் இறங்கி, நீளக் கம்பின் நுனியில் பலகை அடித்து வைத்திருப்பார்களே, அதைக் கொண்டு விளைந்த உப்பை வரப்புக்கு இழுத்துப் போடுவார்கள். பெண்கள் அதைக் கூடையில் வாரித் தலையில் ஏற்றி, கரைமேல் நடந்து போய் அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். விடிந்ததிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும்வரை இதே நடை. கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் கழுத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ் உண்டு என்று பேர். பூட்ஸ் ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். சின்னக் கீறல் விழுந்தால்கூட ஆறாது. "உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான். சுமந்தவ என்ன செய்வா சொல்லு" என்று அண்ணி என்னிடம் கேட்பாள். அவளே பதிலும் சொல்வாள். "மறுநாளும் சுமப்பா."

அண்ணியின் புருஷன், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பிறந்தது ஆண் பிள்ளை. விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் இடுப்பில் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில்தான் அரசாங்கத்திலிருந்து படம் எடுக்கிறவர் ஒருவர் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாராம். வரப்பில் தடுக்கி விழப்போய், பெண்களெல்லாம் சிரித்தார்களாம். "என்னப் பாக்காதீங்க, நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, முன்னாலும் பின்னாலும் நடந்து நடந்து எடுத்தாராம். எடுத்தார், போனார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எல்லாம் அண்ணி சொல்லிக் கேட்டதுதான். நான் அப்போது இந்த வீட்டுக்கு வாழ வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் அவனை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்கென்று ஒரு படம் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ இருந்தது. அண்ணிக்கும் ஆசை இருந்தது. கொஞ்சம் தலைமுடி வளரட்டும், நல்ல சட்டை ஒன்று எடுத்துப் போட்டு அழைத்துப் போகலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். யாருக்குத் தெரியும்? பிள்ளை நாளைக்கும் இருப்பான் என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்.

நான் கல்யாணமாகி வந்த பிறகுதான் அந்தப் புது ஐம்பது வெளிவந்தது. சம்பள நாளில் மேஸ்திரி நோட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், திரும்ப நோட்டைப் பார்த்தார். "ஏம்மா, இது நீதான?" என்றார். கூடையை வலப்பக்கம் சாய்த்து, கழுத்தை இடப்பக்கம் ஒடித்து நடக்கிறவள் அந்த உப்பளத்தில் ஒருத்திதான். முகவாய் அவளுடையது. புருவம் அவளுடையது. மூக்கை மட்டும் இழுத்து நேராக்கியிருந்தார்கள். அரசாங்கம் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

இடுப்பில் குழந்தை நம்மைப் பார்த்துக்கொண்டு இருந்தது. உருண்டை முகம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய், வெயிலை மறைக்கத் தூக்கிய ஒரு கை. கூட வேலை செய்கிற பெண்கள் சுற்றி நின்றுகொண்டு அழுதார்கள். "உன் பையன்டி. பாரு, அப்படியே உயிரோட இருக்கான். ராஜா மாதிரி நாடு முழுக்கச் சுத்தப் போறான்" என்றார்கள். அண்ணி நோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு "ம்" என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் அந்த "ம்"மை ஆமாம் என்று எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒவ்வொரு நோட்டுக்கும் அவளுக்கு ஒரு பங்கு வருகிறது என்று ஒருத்தன் கிளப்பிவிட்டான். தலைநகரத்தில் அவளுக்கு மாடி வீடு இருப்பதாக இன்னொருத்தன். மாடி வீட்டுக்காரி எதற்கு விடிந்ததும் உப்புச் சுமக்கப் போகிறாள் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர், "நோட்டம்மாகிட்டயே சில்லறை இல்லன்னா நாங்க எங்க போறது" என்பான். மருந்துக்கடைக்காரர் வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, மிருகக்காட்சிசாலையில் காட்டுகிற மாதிரி அவளைக் காட்டிவிட்டுப் போவார். நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடையும் வேலைக்காரர்களின் சட்டையும் தைப்பேன். என் கடை வாசலில் நின்று எவனாவது அண்ணியைப் பற்றி எகத்தாளமாகப் பேசினால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன், அவ்வளவு பெரிய பதில். "வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அண்ணி ஒரு நோட்டை மட்டும் செலவு செய்யாமல் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்து, குளித்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். என் வீட்டுக்காரர் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. தன்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு வேறென்ன இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கையில்தான் டிவியில் சொன்னார்கள், ஐம்பது நோட்டு மாறப் போகிறது என்று. புது நோட்டில் ஒரு பாலம். பழையதை எல்லாம் பேங்க்கில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். வந்து சேர்வதை மிஷினில் போட்டுப் பொடிப்பொடியாக நறுக்கிவிடுவார்களாம். மருந்துக்கடைக்காரர் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார். "என்னம்மா, உங்களத் தூக்கிட்டுப் பாலத்தப் போடறாங்களாமே" என்றார். அண்ணி நேராக என் கடைக்கு வந்தாள். நான் கால்சட்டைப் பைகளை அடுக்கி வைத்து மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மாடி, மிஷினக் கொஞ்சம் நிறுத்தறியா?"

நிறுத்தினேன். பாலத்தைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

"நோட்டுல இருக்கறது என் பையன் இல்ல."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"மொத நாளே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? அவனுக்கு நெத்தி இப்படி இல்ல. வாயும் இது இல்ல. அது யாரோ."

"அப்புறம் ஏன் இத்தன வருஷமா ஒண்ணும் சொல்லல?"

"எல்லாரும் அவன்தான்னு சொன்னாங்க. எத்தன பேர் அவனப் பத்திக் கேட்டாங்க தெரியுமா? என்ன பண்ணுவான், எப்படிப் பேசுவான்னு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் கேட்டதில்ல. இல்லன்னு சொன்னா அந்தப் பேச்சு அதோட போயிடும். போகட்டும், எந்த மூஞ்சியா இருந்தா என்ன, அவன் பேரச் சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு என் மிஷின் பலகையில் கிடந்த நூல்கட்டையை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"விட்டது தப்பாப் போச்சு. தினம் தினம் அதையே பாத்தேன் இல்ல? இப்ப கண்ண மூடினா இந்த நோட்டுப் பையன்தான் வர்றான். என் பையன் வரமாட்டேங்கறான். நெத்தி இது இல்லன்னு தெரியுது. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா தெரியல."

பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.  

"அந்த மனுசன் எடுத்தாரே, அந்தப் படம் எங்கயாவது இருக்கும் இல்ல?" என்றாள். "அதப் பாத்துத்தான வரைஞ்சிருப்பாங்க? அதுல அவன் இருப்பான். நான் ஒண்ணும் வாங்கிட்டு வரணும்னு கேக்கல. ஒரு தடவ பாத்தாப் போதும், எனக்கு ஞாபகம் வந்துடும். நோட்டோட சேத்து அதையும் நறுக்கிட்டா என்ன பண்றது?"

முதலில் ஊரிலேயே விசாரித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அந்தக் காலத்திலும் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு போனால் மாசம் கழித்துத்தான் வீட்டைப் பார்ப்பார். சொந்தத் தாய்மாமன் ஆயிற்றே என்று கேட்டேன். "உங்க அக்கா பையன் எப்படி இருப்பான்?" அவர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். "சின்னதா இருப்பான்" என்றார். கையில் இருந்த துணியை அவர்மேல் எறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொள்கிற சாக்கில் அந்தத் துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உப்பளத்துப் பழைய பெண்களைப் பிடித்தேன். ஒருத்தி, "உருண்டை மூஞ்சி, சிரிக்கலாமா வேணாமான்னு இருப்பான்" என்றாள். இன்னொருத்தி, "வெயில் பட்டா இப்படிக் கையத் தூக்கி மறைப்பான்" என்று தூக்கிக் காட்டினாள். மேஸ்திரி சத்தியமே செய்தார், அந்த முகம் தன் கண்ணிலேயே நிற்கிறதாம். அவர்கள் கண்ணில் நின்றதெல்லாம் நோட்டுப் பையன்தான். பொய் சொல்லவில்லை, பாவம். ஊரே அவனைத் தொலைத்துவிட்டு, தொலைத்தது தெரியாமல் இருந்தது.

ஆகவே தலைநகரத்துக்குப் புறப்பட்டோம். நோட்டு அடிக்கிற பெரிய பேங்க் அங்கேதான் இருக்கிறது. அண்ணி இருந்ததில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் மடியில் கையை வைத்தபடி வந்தாள். வழியெல்லாம் அவளாகவே பேசினாள். பிள்ளைக்கு இடது காதோரம் ஒரு சுழி இருக்குமாம். அதை வைத்து, படத்தில் அவனைச் சரியாகக் கண்டுபிடித்துவிடலாமாம். "பெத்த பிள்ளையக் கண்டுபிடிக்கச் சுழி வேணுமா அண்ணி?" என்று கேட்டேன். "இப்ப வேணும்டி" என்றாள்.

பேங்க் வாசலில் காவல்காரர் தடுத்தார். அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்றார். எனக்கு இதுதானே தொழில். கைப்பையிலிருந்து ஓர் ஐம்பதை எடுத்து அண்ணியின் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன்.

"இவங்க உங்க நோட்டுலயே இருக்காங்க. உள்ள வர்றதுக்குத் தனியா அனுமதி வேணுமா?"

அவர் நோட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷன், கடமை தவறாதவர். "மூக்கு வேற மாதிரி இருக்கேம்மா" என்றார்.

"மூக்கத் திருத்தினது உங்க ஆளுங்க. உள்ள போய்க் கேளுங்க."

உள்ளே போய்க் கேட்டார். திரும்பி வரும்போது கூடவே கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி வேகமாக நடந்து வந்தாள். நோட்டுக்குப் படம் வரைகிற பிரிவின் பொறுப்பில் இருப்பவளாம். அண்ணியைக் கண்டதும் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க நெஜமாவே இருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அவளோடு சண்டை போடுகிற வாய்ப்பு அப்போதே போய்விட்டது.

அவளுடைய அறையில் சாய்வான மேஜைகள், வளைகிற கழுத்துள்ள விளக்குகள், அகல அகலமான இழுப்பறைகள். சுவரில் புதுப் பாலத்தின் படம், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும்படி. எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். அண்ணி தம்ளரைத் தொடவில்லை.

"நோட்டுல எதுக்கு மனுச மூஞ்சி போடறீங்க?" என்று அண்ணி கேட்டாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"கள்ள நோட்டுக்காகத்தாம்மா" என்றாள் அதிகாரி. "மரம், மலை எல்லாம் கொஞ்சம் மாறினா நமக்குத் தெரியாது. முகம் அப்படி இல்ல. ஒரு மயிரிழை மாறினாலும் கண்ணு கண்டுபிடிச்சிடும். இது அவர் இல்லன்னு சொல்லிடும்."

"ஆமா" என்றாள் அண்ணி. "சொல்லிடும்."

அப்புறம் வந்த விஷயத்தை நான்தான் சொன்னேன். கேட்கக் கேட்க அதிகாரியின் முகம் சுருங்கிப் போனது. அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். தலைவர்களை உள்ளபடி வரைவார்கள். சாதாரண ஆட்கள் என்றால் ஒருத்தரை அப்படியே வரைந்துவிடக் கூடாது. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் மாற்றிவிட வேண்டும். உழைக்கிற பெண் என்றால் எல்லா உழைக்கிற பெண்ணும் தன்னையே பார்த்த மாதிரி நினைக்க வேண்டுமாம், அதற்காக. "உங்கள வரைஞ்சவர், உங்க முகத்துல மூக்கோட நிறுத்திக்கிட்டார். மாத்த அவருக்கு மனசு வரலன்னு சொல்வாங்க. குழந்தை முகம் மட்டும் முழுசா அவரே வரைஞ்சது. யாரப் பாத்து வரைஞ்சார்னு தெரியாது. அவர் இப்ப இல்லம்மா."

"படம் இருக்கா?"

"இருக்கு."

அவள் எழுந்து போனாள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளங்கைகளைத் துடைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் பார்ப்பான் என்று நினைத்தாள் போலிருக்கிறது. சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அதற்கு மேல் என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. உறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க எதிர்பாக்கற மாதிரி..." என்று ஆரம்பித்தாள். அண்ணி கையை நீட்டினாள். நீட்டின கையில் வைப்பதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்?

பெரிய கறுப்பு வெள்ளைப் படம். அண்ணி அதில் சின்னப் பெண்ணாக இருந்தாள், தன் சொந்த மூக்கோடு. வலது கை கூடை விளிம்பில். இடுப்பில் குழந்தை. ஒல்லிக் கால் ஒன்று தொங்குகிறது. முதுகு தெரிகிறது. பிடரி தெரிகிறது. முகம் முழுக்க அண்ணியின் தோளில் புதைந்திருக்கிறது. அவன் பின்தலைமேல் அவளுடைய இடது உள்ளங்கை அகலமாக விரிந்து, அமுக்கிப் பிடித்திருக்கிறது. காதைக்கூட விரல்கள் மூடியிருந்தன. சுழியைத் தேடவே வழி இல்லை.

அண்ணி படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"வேற?"

"எங்களுக்கு அனுப்பினது இது ஒண்ணுதாம்மா." அதிகாரி அதோடு விடவில்லை. எங்கள் எதிரிலேயே ஒவ்வொருத்தராகப் போனில் கூப்பிட்டாள். படம் எடுத்தவர் காலமாகிவிட்டார். அவர் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மூடும்போது பழைய ஃபிலிம் சுருளை எல்லாம் மூட்டை கட்டி வீசிவிட்டார்கள். அவருடைய மகள் வீட்டுக்குக்கூடப் பேசினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. கடைசியாகப் போனை வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி படத்தில் இருக்கிற தன் கைமேல் விரலை வைத்தாள்.

"நான்தான் அமுக்கினேன்" என்றாள். "உப்பு மேல வெயில் விழுந்தா கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். பச்சக் குழந்தை கண்ணு தாங்காது. பிள்ளைக்காரிங்க எல்லாருமே அப்படித்தான் தூக்குவோம், மூஞ்சிய உள்ள அமுக்கி. அந்த மனுசன் சொன்னார், பையன இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பும்மான்னு. இப்ப ஞாபகம் வருது. கண்ணு கூசும் சார், வேணாம்னேன்."

"நல்லதுக்குத்தான அண்ணி பண்ணீங்க."

"நல்லதுக்குத்தான்."

நான் சண்டை போட ஆள் தேடினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த அறையில் உட்கார்ந்து ஓர் ஆளைத் தேடினேன். படம் எடுத்தவர் திருப்பச் சொல்லியிருக்கிறார். வரைந்தவர், முகம் இல்லாத குழந்தைக்கு ஒரு முகம் கொடுத்திருக்கிறார், அதுவும் அழகான முகம். இந்த அதிகாரி எதிரே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். அண்ணி பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறாள். ஒருத்தராவது ஒரு தப்பாவது செய்திருக்கக் கூடாதா? வாய் நிறையத் திட்டை வைத்துக்கொண்டு, யார்மேல் துப்புவது என்று தெரியாமல் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

படத்துக்கு ஒரு நகல் எடுத்துத் தருவதாக அதிகாரி சொன்னாள். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள். அதிகாரிக்கு வெறுங்கையோடு அனுப்ப மனசு இல்லை. வேகமாகப் போய், கண்காட்சிக்காக அவர்கள் தயார் செய்து வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்தாள். நோட்டுப் பையனின் முகம். வரைந்தவர் முதலில் பெரிதாக வரைந்ததாம், சட்டம் போட்டுக் கண்ணாடி போட்டது. நிஜக் குழந்தை அளவு இருந்தது. ஒவ்வொரு கோடும் அத்தனை நயம். உருண்டைக் கன்னத்தில் வெயில் விழுந்திருந்தது.

"இதையாவது வெச்சுக்கோங்கம்மா" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அண்ணி வாங்கிக்கொண்டாள். மறுத்தால் அந்தப் பெண் அழுதுவிடுவாள் என்று நினைத்திருப்பாள். "நல்லா வரைஞ்சிருக்கார்" என்றாள். "இவங்க அம்மா யாரோ. அவங்க பாத்தா சந்தோஷப்படுவாங்க." வாசல்வரை வந்த அதிகாரி, அண்ணியின் கையை விடவே இல்லை. காவல்காரர் எழுந்து நின்று சலாம் வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. வெளியே இன்னும் நல்ல வெயில். சட்டம் போட்ட படத்தை அண்ணி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நான் பேசிக்கொண்டே வந்தேன், சும்மா இருந்தால் எனக்குப் பயமாக இருந்தது. பாலத்தைப் பற்றி, கண்டக்டரைப் பற்றி, தைக்காமல் விட்டுவந்த கால்சட்டைகளைப் பற்றி. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள் கண் அசைந்துகொண்டே இருந்தது.

"அண்ணி, தூங்கறீங்களா?"

"இல்ல. பாத்துட்டு இருக்கேன்."

"யார? நோட்டுப் பையனையா?"

"அவன் போயிட்டான்." கண்ணைத் திறக்கவில்லை. அவளுடைய இடது கை மடியிலிருந்து எழுந்து, தோளுக்குப் பக்கத்தில் காற்றில் எதையோ தாங்கியபடி நின்றது. "இப்ப என் பையன்தான் வந்திருக்கான். தோள்ல மூஞ்சி வெச்சுப் படுத்திருக்கான். நானும் கைய எடுத்துட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறேன்டி. திரும்ப மாட்டேங்கறான்."